மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஜூடோவுக்குப் போங்கள்

வாசகர் கேள்வி: எனக்கு 17 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன், உயர்தரம் படிக்கிறேன். தரம் 6இலிருந்து ஷோட்டோகான் கராத்தே பழகி இப்போது பழுப்புப் பட்டியில் நிற்கிறேன். வருடக் கடைசியில் கறுப்புப் பட்டிப் பரீட்சை. கொஞ்ச நாளைக்கு முன் ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில், சனநெரிசலில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இத்தனை வருடம் பழகியதில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூடோ வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், சேர ஆசை. ஆனால் "இரண்டு தோணியில் கால் வைத்தால் இரண்டும் போகும்" என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். "பொம்பளப் புள்ளைக்கு ஒன்னு போதாதா, ஆம்பளப் புள்ளைங்களோட உருளணுமா" என்கிறார் அம்மா. இரண்டையும் சேர்த்துப் பழகினால் குழம்பிவிடுமா? உடம்பு தாங்குமா? மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது?

பதில் தருபவர்: விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்மருத்துவர், கராத்தேயில் தொடங்கிப் பிறகு ஜூடோவும் பழகியவர்.

மகள், பஸ்ஸில் நடந்ததை முதலில் பேசிவிடுவோம். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஜூடோவுக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் கடிதமே. திடீரென்று ஒருவன் பிடித்தால் உடம்பு உறைந்துபோவது எல்லோருக்கும் நடக்கும், கறுப்புப் பட்டி கட்டியவர்களுக்கும் நடக்கும். உங்கள் மேலும் குற்றமில்லை, மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததிலும் குற்றமில்லை. பாலியல் தொந்தரவு நம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். இனி இப்படி ஏதாவது நடந்தால் கைக்கு முன்னால் தொண்டை வேலை செய்யட்டும். "கையை விடு!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துங்கள், கொண்டக்டரைக் கூப்பிடுங்கள். குத்தும்போது கியாய் என்று சத்தம் போட்டுப் பழகிய தொண்டைதானே. உங்களுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்பதால் 1929 என்ற சிறுவர் இலக்கத்துக்கு அழைக்கலாம், பெண்களுக்கான 1938உம் இருக்கிறது, அந்த நேரத்து அவசரத்துக்கு 119. அம்மாவிடமோ நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடமோ இதைச் சொல்லிவிடுங்கள். இதை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு எந்த வகுப்புக்குப் போனாலும் அந்தப் பஸ்ஸும் கூடவே வரும்.

இனி, பழகியது ஏன் வரவில்லை? கராத்தேக்கு இடைவெளி வேண்டும். ஒரு குத்துக்குக் கை நீளம், உதைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. போட்டியில் இருவரும் பிடித்துக்கொண்டு நின்றால் நடுவர் "யாமே" (நிறுத்து) சொல்லிப் பிரித்து, மறுபடி தள்ளி நிறுத்திவிடுவார். தரம் 6இலிருந்து உங்கள் உடம்பு அப்படியே பழகியிருக்கிறது: பிடி விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். பஸ்ஸில் பிடி விழுந்தது, உடம்பும் நின்றுவிட்டது. ஜூடோவில் கதை தலைகீழ். எதிராளி உங்கள் சட்டைக் கழுத்தையும் கையையும் பிடித்த பிறகுதான் அங்கே வேலையே தொடங்கும். வகுப்பு முழுக்க யாராவது ஒருவர் உங்களைப் பிடித்துக்கொண்டே இருப்பார். சில மாதங்களில் பிடிபடுவது அதிர்ச்சியாக இருக்காது. உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நோர்வூட் வளைவுகளில் ஆடும் பஸ்ஸுக்குள் எவனையாவது தூக்கி எறியலாம் என்று கனவு காணாதீர்கள். பிடியிலிருந்து கழன்று, கால் தடுமாறாமல் நின்று, சத்தம் போட முடிந்தால் அங்கே அதுவே போதும்.

கராத்தேக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் படிக்கும் ஹெயான் ஷோடான் காட்டாவை, அதாவது தனியாக வரிசையாய்ச் செய்யும் அந்த அசைவுத் தொகுப்பை, நினைத்துப் பாருங்கள். முதல் குத்து முடிந்து பின்பக்கம் திரும்பி, வலக் கையால் கீழே தடுத்த உடனே, அந்தக் கையை உள்ளே இழுத்து, மேலே சுற்றி, மூடிய கையின் அடிப்பக்கத்தால் சுத்தியல் மாதிரி இறக்குவீர்கள் அல்லவா? அந்த இழுப்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து கையை விடுவிப்பது. வெள்ளைப் பட்டியிலேயே படித்துவிட்டீர்கள். ஆனால் அதைச் செய்யும்போது மணிக்கட்டை உண்மையாகவே யாராவது இறுக்கிப் பிடித்திருந்தார்களா? அநேகமாக இல்லை. அடுத்த வகுப்பில் உங்களைவிடப் பலமான ஒருவரைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பின்னால் இழுத்தால் கழலாது, பிடி இன்னும் இறுகும். முழங்கையை விலாவோடு ஒட்டி, அவர் பக்கமாக அரை அடி உள்ளே போய், அவருடைய பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி வழியாக உங்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரோடு பழகினால்தான் இது கைக்கு வரும். அந்தப் பழக்கத்தை ஜூடோ கிழமைக்குக் கிழமை தரும்.

குழம்புமா என்று கேட்டீர்கள். ஜூடோவை 1882இல் தொடங்கிய கானோ ஜிகோரோ அதற்கு முன் தென்ஜின் ஷின்யோ, கித்தோ என்ற இரண்டு ஜுஜுட்சு மரபுகளைப் பழகியவர். மடக்குவதும் நெரிப்பதும் முதலாவதில் அதிகம், எறிவது இரண்டாவதில். இரண்டு தோணியிலும் கால் வைத்தவர்தான் மூன்றாவதைக் கட்டினார். உங்கள் ஷோட்டோகானின் மூலவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோ வந்தபோது அவரைத் தன் ஜூடோப் பள்ளியான கோடோகானுக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்டச் சொன்னவரும் இதே கானோதான். நீங்கள் கட்டியிருக்கும் நிறப்பட்டி முறையும் வெள்ளை உடுப்பும் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. ஃபுனகோஷி தன் நூலில் எறியும் முறைகளையும் படத்தோடு போட்டிருக்கிறார். அவரிடம் கராத்தே பழகிய ஓட்சுக்கா ஹிரோனோரி தன் பழைய ஜுஜுட்சுவை அதோடு சேர்த்து வாடோ ரியூ என்ற தனி வழியையே தொடங்கினார். நம்மூர்ப் பக்கம் வந்தால், சிலம்ப வாத்தியார்கள் கம்போடு குத்துவரிசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்து யாரும் குழப்பம் என்று சொல்வதில்லை.

ஆனாலும் உங்கள் மாஸ்டர் சும்மா பயமுறுத்தவில்லை. குழப்பம் வரும். அது காலில்தான் முதலில் வரும். ஷோட்டோகானின் நீண்ட முன்னிலையில் முன்காலில் பாரத்தைப் போட்டு ஆழமாக நிற்பீர்கள். அப்படியே ஜூடோ மெத்தையில் போய் நின்றால் அந்த முன்காலை எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி, ஒரே தட்டில் விழுந்துவிடுவீர்கள். அதனால் அங்கே நிமிர்ந்து, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, சின்னச் சின்ன அடியாக நகரச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் கராத்தே வகுப்பில் செய்யும் காட்டாவுக்குள் எட்டிப்பார்க்கும். முன்னிலை குட்டையாகும், இடுப்பு உயரும். குமிதேயில், அதாவது எதிராளியோடு மோதும்போது, இன்னொன்று நடக்கும், எதிராளி கிட்ட வந்ததும் குத்துவதற்குப் பதிலாகக் கை தானாகச் சட்டையைப் பிடிக்கப் போகும், நடுவர் எச்சரிப்பார். பழுப்புப் பட்டிக்காரர்களிடம் இவை முதல் சில மாதங்களுக்கு இருக்கும், பிறகு உடம்பே பிரித்துக்கொள்ளும். வெறும் காலுக்குக் கீழே மெத்தை பட்டால் ஒரு மாதிரியும் சீமெந்து பட்டால் இன்னொரு மாதிரியும் நிற்கப் பழகிவிடும். அதற்குள் பரீட்சை வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் என் கணக்கு இப்படி. இந்த வருடம் கராத்தேதான் உங்கள் பிரதானம். ஜூடோவுக்கு இப்போதே போகலாம், ஆனால் விழப் பழகவும் தரையில் பிடித்து அமுக்கும் பயிற்சிக்கும் மட்டும். தரையில் செய்யும் வேலை உங்கள் நிலையையோ நடையையோ தொடாது, காட்டாவும் கெடாது. பரீட்சைக்கு எட்டுக் கிழமை இருக்கும்போது ஜூடோவை நிறுத்திவிடுங்கள், அல்லது விழும் பயிற்சியோடு மட்டும் நில்லுங்கள். பரீட்சை முடிந்த பிறகு நின்று எறியும் பயிற்சியைத் தொடங்கலாம். இரண்டிலும் ஒரே வருடத்தில் பட்டி வாங்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு கலை சேர்ந்ததால் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு பரீட்சை சேர்ந்ததால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்களுக்கோ உயர்தரம் என்ற மூன்றாவது பரீட்சையும் இருக்கிறது.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் வைத்தியசாலையில் பார்ப்பது அதன் விளைவைத்தான். கராத்தே மட்டும் பழகியவர் பின்னால் சரியும்போது கையைப் பின்பக்கம் ஊன்றுவார். மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். ஜூடோவில் முதல் பாடமே அந்தக் கையை ஊன்றாமல் இருப்பது. குந்தியிருந்து தொடங்குங்கள். நாடியை நெஞ்சோடு சேர்த்து, கண்ணால் உங்கள் பட்டியின் முடிச்சைப் பாருங்கள். முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்து உருளும்போது, முதுகு மெத்தையைத் தொடும் அதே கணத்தில், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து 30, 40 பாகை விலக்கி, உள்ளங்கை கீழே இருக்க, தோளிலிருந்து விரல் நுனி வரை முழுக் கையாலும் மெத்தையை அறைய வேண்டும். கை அதைவிட விரிந்தால் தோளுக்குக் கேடு, ஒட்டியிருந்தால் விலாவுக்கு அடியில் மாட்டும். சலிப்பான பயிற்சிதான், பழுப்புப் பட்டி வரை வந்தவருக்கு இது என்ன சின்னப்பிள்ளை வேலை என்று தோன்றும். மழையில் பாசி பிடித்த லயத்துப் படியில் வழுக்கும் நாளில் இது உதவும். என் கணக்கில் ஜூடோ தரும் தற்காப்பில் பாதி இதுதான்.

வகுப்பில் சேருமுன் மெத்தையைப் போய்ப் பாருங்கள். சீமெந்துத் தரையில் மெல்லிய விரிப்பைப் போட்டு ஜூடோ பழக்கினால் சேராதீர்கள். குதிகாலால் ஓங்கி மிதித்தால் கீழே சீமெந்து தட்டக் கூடாது. மெத்தைகளுக்கு நடுவே கால் விரல் போகும் அளவு இடைவெளி இருக்கக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம், அங்கே கற்ற எறிதலை உங்கள் கராத்தே வகுப்புத் தோழிகளுக்குச் சீமெந்தில் செய்துகாட்டாதீர்கள். அவர்களுக்கு விழத் தெரியாது.

உடம்பு தாங்குமா? தாங்கும், மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால். முதலாவது முழங்கால். கராத்தேயில் காலை ஊன்றித் திரும்புகிறீர்கள், ஜூடோவில் எதிராளியின் பாரத்தோடு திரும்புகிறீர்கள், இரண்டிலும் முழங்கால் உள்பக்கம் மடங்கினால் ஒரே இடத்தில்தான் இழுபடும். முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு படியிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து இறங்குங்கள், முன்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிப் போனால், அது சரியாகும் வரை ஒற்றைக் காலில் குந்தி எழும்புவது, இடுப்புப் பக்கத் தசைக்கான பயிற்சி இரண்டையும் செய்துவிட்டுத்தான் எறிதலுக்குப் போக வேண்டும். காலையில் பனிக்குளிரில் ஹட்டனில் இறங்கி நேரே மெத்தைக்கு ஏறாதீர்கள். வியர்வை அரும்பும் வரை, கால் மணித்தியாலமாவது உடம்பைச் சூடாக்குங்கள்.

இரண்டாவது, இரத்தம். நம் தோட்டப் பக்கத்துப் பெண் பிள்ளைகளிடம் இரத்தச்சோகை சாதாரணமாக இருக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா, பயிற்சி முடிந்து அடுத்த நாளும் அசதியா? அரசாங்க வைத்தியசாலையில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் அதற்கு மருந்து. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. தேயிலையில் உள்ள சத்து சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை, குடியுங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு, முடிந்த நாளில் முட்டை. கூடவே ஒரு கொய்யாப்பழமோ தேசிக்காய்ப் புளியோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மூன்றாவது தூக்கம். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம். ஞாயிறு ஜூடோ என்றால் திங்கள் முழு ஓய்வு, கராத்தே கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ரியூஷனையும் பஸ் நேரத்தையும் போட்டுப் பார்த்தால் இதற்கு மேல் கிழமையில் இடமும் இல்லை.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கராத்தே உடுப்போடு ஜூடோவுக்குப் போனால் தோளில் கிழியும். ஜூடோ உடுப்பு தடித்த நெசவுப் பருத்தி, விலையும் கூட. முதலில் வகுப்பில் பழைய உடுப்பு இரவலாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதைத் துவைத்தால் நம் ஆடி மழையில் காய நாலு நாள் எடுக்கும். ஈரத்தோடு மடித்து வைத்து அடுத்த ஞாயிறு போட்டால் படை வரும், வந்தால் மெத்தை வழியாக எல்லோருக்கும் தொற்றும். வகுப்பு முடிந்து வந்த அன்றே துவைத்துக் காற்றில் போடுங்கள், அடுப்புக்கு மேலே கட்டினால் புகை நாற்றம் போகவே போகாது. தோலில் வட்டமாக அரிப்பு வந்தால் களிம்பு போட்டு ஆறும் வரை மெத்தைக்குப் போகக் கூடாது.

மாஸ்டருக்கு வருவோம். அவர் வேறு யார் வாயிலாவது கேள்விப்படும் முன் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், அங்கே அவரால் "சரி" என்று சொல்வது கஷ்டம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "மாஸ்டர், யாராவது பிடித்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிடிபட்டுப் பழக ஞாயிற்றுக்கிழமை ஜூடோவுக்குப் போகலாமா? உங்கள் வகுப்பு ஒன்றும் விடமாட்டேன், பரீட்சை கிட்ட வரும்போது நிறுத்திவிடுவேன்" என்று சொல்லுங்கள். பஸ் விஷயத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பெரும்பாலான மாஸ்டர்களுக்குப் பயம் வேறு கலையைப் பற்றியல்ல, வளர்த்த பிள்ளை போய்விடும் என்பதுதான். எப்போது நிறுத்துவீர்கள் என்று நீங்களே சொன்னால் அந்தப் பயம் பாதி குறையும். பரீட்சைக்குப் பிறகு போ என்று அவர் உறுதியாகச் சொன்னால் கேளுங்கள், சில மாதத்தில் ஒன்றும் குடிமுழுகாது. எப்போதுமே போகக் கூடாது, போனால் வகுப்பில் இடமில்லை என்றால் அது வேறு. அந்த நிபந்தனையில் எனக்கு நியாயம் தெரியவில்லை, வீட்டில் பெரியவர்களோடு பேசி முடிவெடுங்கள்.

ஜூடோ வகுப்பில் வெள்ளைப் பட்டி கட்டுங்கள். பழுப்புப் பட்டி வீட்டில் இருக்கட்டும். உங்களைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று முதல் நாளே உங்களை விழுத்தும், சிரித்துக்கொண்டே எழும்புங்கள்.

அம்மா சொன்னதை நான் ஒதுக்கவில்லை. ஜூடோவில் உடம்போடு உடம்பு உரசும், அது தெரியாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு சங்கடப்படுவதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பயிற்றுநரிடம் நேரடியாகக் கேளுங்கள்: பெண் பிள்ளைகள் எத்தனை பேர், தரைப் பயிற்சிக்குப் பெண் பிள்ளைகளையே சோடியாகப் போடுவீர்களா, என் எடையில் யாராவது இருக்கிறார்களா? வேண்டாம் என்று தோன்றினால் எந்தச் சோடியையும் மறுக்கலாம், வலித்தால் இரண்டு தட்டு தட்டினால் உடனே விட வேண்டும். இது எந்த ஒழுங்கான வகுப்பிலும் முதல் நாளே சொல்ல வேண்டிய விதி. இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் பயிற்றுநரிடம் சேராதீர்கள். சேர்வதற்கு முன் ஒரு ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வைத்து வகுப்பை முழுதாகப் பார்க்கவிடுங்கள். திரும்ப வரும் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பொகவந்தலாவைப் பக்கம் பஸ் குறைவு.